விந்தி நடக்கும் குதிரைக்கு லாடம் மருந்தாகுமா?

தை பிறந்ததும் திருக்கடையூர், தரங்கம்பாடி வட்டாரத்தில் நடக்கும் எல்கைப் பந்தயங்களில் (எல்லை குறித்து ஓட்டும் பந்தயங்கள்) மாட்டு வண்டிகளோடு குதிரை வண்டிகளும் தார்ச்சாலையில் ஓடுகின்றன. பந்தயம் முடிந்த சில நாட்களில் காவிரிப் படுகையின் குதிரை வளர்ப்போரிடையே ஒரே கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது: முன்னங்காலைத் தாங்கித் தாங்கி வைக்கும் குதிரையை என்ன செய்வது? லாடத்தைக் கழற்றிப் புதிதாக அடித்தால் சரியாகிவிடும் என்பார் ஒருவர். கைபேசியில் பார்த்த ரப்பர் காலணியை வரவழைத்து மாட்டினால் போதும் என்பார் இன்னொருவர். வலி தெரியாமலிருக்க ஓர் ஊசி போட்டு வண்டியில் பூட்டலாம் என்பவரும் உண்டு.

இம்மூவரும் தாண்டிச் செல்வது ஒரே படியைத்தான். நொண்டல் ஒரு நோயன்று, வலியின் வெளித்தோற்றம். வலி எங்கே இருக்கிறது என்று தெரியாத நிலையில் அடிக்கப்படும் லாடமும் மாட்டப்படும் காலணியும் அந்த வலியைத் தீர்ப்பதைவிட மறைப்பதற்கே அதிகம் பயன்படும். லாடமும் காலணியும் பாதுகாப்புச் சாதனங்கள். அவை எப்போது உதவும், எப்போது கெடுக்கும் என்பதைப் புரிந்துகொள்ளக் குளம்பின் அமைப்பிலிருந்து தொடங்க வேண்டும்.

குளம்பு என்பது வெறும் கொம்புப் பொருளன்று

வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் குளம்பு ஒரு கடினமான கிண்ணம் போலத் தெரியும். உண்மையில் அது உயிருள்ள விரலைச் சுற்றி வளர்ந்திருக்கும் நகம். குதிரை தன் ஒவ்வொரு காலிலும் ஒரே விரலின் நுனியில் நிற்கிறது. அந்த விரலின் கடைசி எலும்பு குளம்புக்குள் இருப்பதால் இக்கட்டுரையில் அதைக் குளம்பெலும்பு என்று அழைக்கலாம். இந்த எலும்பு குளம்பின் அடித்தட்டின் மேல் உட்கார்ந்திருப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் அது புறச்சுவரின் உட்புறத்தில் நூற்றுக்கணக்கான மெல்லிய மடிப்புகளால் பிணைக்கப்பட்டுத் தொங்கிக்கொண்டிருக்கிறது. புத்தகத்தின் தாள்களை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகியதைப் போல, எலும்பின் பக்கத்து மடிப்புகளும் சுவரின் பக்கத்து மடிப்புகளும் கோத்துக்கொண்டு மொத்த உடலின் பாரத்தையும் தாங்குகின்றன. இந்தப் பிணைப்பு அறுந்தால் என்ன ஆகும் என்பதைப் பின்னர் பார்க்கலாம்.

காலைத் தூக்கிக் குளம்பின் அடிப்புறத்தைப் பார்த்தால் நான்கு பகுதிகள் தெளிவாகத் தெரியும்.

1. புறச்சுவர்: பாரத்தின் பெரும்பங்கைத் தாங்கும் விளிம்பு. இதில் நரம்போ இரத்தமோ இல்லை. லாட ஆணி இதற்குள் மட்டுமே செல்ல வேண்டும்.
2. வெள்ளைக் கோடு: சுவரும் அடித்தட்டும் சேரும் இடம். பெயர் வெள்ளையானாலும் பெரும்பாலும் மஞ்சள் கலந்த நிறத்தில் இருக்கும். இதற்கு உட்புறம் உயிர்ச்சதை.
3. அடித்தட்டு: சற்றுக் குழிந்திருக்க வேண்டிய பகுதி. குழிவு இல்லாமல் தட்டையாக இருந்தால் கல் குத்தும்.
4. நடுமெத்தை: பின்பக்கத்திலிருந்து முன்னோக்கிக் கூரிய முக்கோணமாக இருக்கும், ரப்பர் போன்ற பகுதி. இதன் இரு பக்கமும் பள்ளங்கள் உண்டு.

கால் தரையில் ஊன்றும்போது குளம்பின் பின்பகுதி சற்று விரிகிறது, தூக்கும்போது சுருங்குகிறது. இந்த விரிவும் சுருக்கமும் அதிர்ச்சியை வாங்கிக்கொள்வதோடு இரத்தத்தை மேலே தள்ளவும் உதவுகின்றன. முழங்காலுக்குக் கீழே குதிரைக்குத் தசை ஏறக்குறைய இல்லை என்பதால் இந்த வேலையைக் குளம்பே செய்தாக வேண்டியிருக்கிறது. லாடத்தின் பின்பாதியில் ஆணி அடிக்கக் கூடாது என்ற பழைய விதியின் காரணமும் இதுதான். அங்கே ஆணி அடித்தால் குளம்பின் விரிவைக் கட்டிப்போட்டதாகிவிடும்.

இன்னும் இரண்டு எண்களை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. நிற்கும் குதிரையின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு முன்னங்கால்களின் மேல் விழுகிறது, அதனால் பெரும்பாலான நொண்டல்கள் முன்னங்கால்களில் வருகின்றன. குளம்புச் சுவர் மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் வரை வளர்கிறது, அதனால் முன்முனையில், தோலும் குளம்பும் சேரும் மயிர்க்கோட்டிலிருந்து தரை வரை ஒரு முழுச்சுவர் புதிதாக இறங்க ஏறத்தாழ ஓராண்டு ஆகிறது.

டெல்டாவின் ஈரமும் தை மாதத்தின் தார்ச்சாலையும்

குளம்பைப் பற்றிய நூல்களில் பெரும்பாலானவை குளிர்நாடுகளையும் புல்வெளிகளையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. காவிரிப் படுகையின் நிலைமை வேறு. மேட்டூர் அணையின் வழக்கமான திறப்பு நாளான ஜூன் 12-ஐத் தொடர்ந்து வாய்க்கால்களில் நீர் ஏறுகிறது. ஐப்பசி தொடங்கிக் கார்த்திகை, மார்கழி வரை வடகிழக்குப் பருவமழை. வண்டல் கலந்த களிமண் நீரை விடாமல் பிடித்து வைத்துக்கொள்வதால் வயலோரக் கொட்டில்களில் கட்டப்படும் குதிரை மாதக்கணக்கில் சேற்றிலும் ஈரத்தரையிலும் நிற்கிறது. அதோடு தேங்கிய மூத்திரமும் சாணமும் சேர்ந்துகொள்கின்றன.

ஈரம் ஊறிய கொம்புப் பொருள் மென்மையாகிறது. அடித்தட்டு இளகி, சிறு சரளைகூட அதைக் குத்தி நோகடிக்கும் நிலைக்கு வருகிறது. ஆணித்துளைகள் அகன்று லாடம் ஆடத் தொடங்குகிறது. மழை ஓய்ந்து தையில் வெயிலும் காற்றும் வந்ததும் இதே குளம்பு சில வாரங்களில் வறண்டு சுருங்குகிறது. வீங்கி நின்ற பொருள் வேகமாகச் சுருங்கும்போது ஆணித்துளைகளிலிருந்து வெடிப்புகள் கிளம்புகின்றன. தொடர்ந்த ஈரத்தையும் தொடர்ந்த வறட்சியையும் குளம்பு ஓரளவு பழகிக்கொள்ளும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் திரும்பத் திரும்பத் தாவுவதே அதைச் சிதைக்கிறது.

குதிரை வளர்ப்பவரின் நாட்காட்டியில் தை மாதம் எவ்வளவு ஆபத்தானது என்பது இங்கேதான் புலப்படுகிறது. மழையில் ஊறி, அப்போதுதான் வறளத் தொடங்கிய குளம்பு, ஆடும் லாடத்தைக் கழற்றிப் பழைய துளைகளுக்கு அருகிலேயே அடிக்கப்பட்ட புது ஆணி, மூன்று மாதம் மெத்தென்ற சேற்றில் நடந்துவிட்டு ஒரே நாளில் தார்ச்சாலையில் முழுவேக ஓட்டம், இவற்றோடு சம்பா அறுவடையின் புதுநெல் களத்தில் குவிந்து கிடக்கும் காலம். இவை ஒவ்வொன்றும் தனித்தே ஒரு குதிரையை நொண்ட வைக்கப் போதுமானவை. நான்கும் ஒரே பதினைந்து நாட்களுக்குள் வந்து சேருகின்றன. பந்தயத்தை மட்டும் குறை கூறுவோரும், லாடம் அடித்தவரை மட்டும் குறை கூறுவோரும் இந்தச் சேர்க்கையைக் கவனிப்பதில்லை.

எந்தக் கால், எந்த இடம்?

மருத்துவர் வருவதற்கு முன் உரிமையாளரே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை, கவனம் போதும்.

1. கெட்டியான சமதரையில் ஒருவர் கயிற்றைத் தளர்வாகப் பிடித்துக் குதிரையை நேராக நடத்தவும், பின்னர் மெல்ல ஓட்டவும் வேண்டும். முன்னங்காலில் வலி இருந்தால், வலிக்கும் கால் தரையில் படும்போது தலை மேலே எழும், நல்ல கால் படும்போது தலை கீழே இறங்கும். பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு நல்ல காலுக்கு வைத்தியம் பார்த்துவிடுகிறார்கள். பின்னங்காலில் வலி இருந்தால் தலையைவிட இடுப்பின் ஏற்றத்தாழ்வைப் பார்க்க வேண்டும்.
2. புறங்கையைக் குளம்பின் மேல் வைத்து நான்கையும் ஒப்பிட வேண்டும். வெயிலில் நின்ற குதிரைக்கு நான்கும் சூடாக இருக்கும். ஒன்று மட்டும் சூடாக இருப்பதே பொருட்படுத்தத்தக்கது.
3. கணுவின் பின்புறம் இரு ஓரங்களிலும் விரல் வைத்தால் நாடி தெரியும். நலமான காலில் அதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். விரலைத் தள்ளும் அளவுக்குத் துடித்தால் குளம்புக்குள் அழற்சி இருக்கிறது.
4. காலைத் தூக்கிப் பள்ளங்களில் அடைந்திருக்கும் சேற்றை நீக்கி, கல், ஆணி, முள், கறுப்புக் கசிவு, துர்நாற்றம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

குளம்பில் எதுவும் தென்படாவிட்டால் தசைநாண், மூட்டு, தோள் என்று மேல்நோக்கித் தேட வேண்டும். அது மருத்துவரின் வேலை.

வலியின் காரணங்கள்

லாடம் அடித்த அன்றோ மறுநாளோ நொண்டல் தொடங்கினால் முதலில் ஐயப்பட வேண்டியது ஆணியைத்தான். இதில் இரண்டு வகை உண்டு. ஆணி நேரடியாக உயிர்ச்சதைக்குள் இறங்கிவிட்டால் குதிரை அந்தக் கணமே காலை உதறும், துளையில் இரத்தம் தெரியலாம். உயிர்ச்சதையைத் தொடாமல் அதற்கு மிக நெருக்கமாகச் சென்று அழுத்தினால் வலி ஓரிரு நாள் கழித்தே வெளிப்படும். இரண்டிலும் அந்த ஆணி வெளியே வர வேண்டும், துளை கழுவப்பட வேண்டும். முதல் வகையில் ரணஜன்னிக்கு (டெட்டனஸ்) எதிரான பாதுகாப்பு கட்டாயம் தேவை. வீட்டு விலங்குகளில் ரணஜன்னிக் கிருமியின் நஞ்சுக்கு மிக எளிதில் இரையாவது குதிரைதான். சாணமும் மண்ணும் கலந்த தரையில் அந்தக் கிருமி எங்கும் இருக்கிறது.

சாலையில் கிடந்த ஆணியோ கம்பியோ குத்திய நிலையில் குதிரையைக் கண்டால் உடனே பிடுங்கிவிடத் தோன்றும். நடுமெத்தையின் மையப் பகுதியில் குத்தியிருந்தால், அதற்கு மேலே மூட்டும் தசைநாணும் இருப்பதால், எவ்வளவு ஆழம், எந்தத் திசை என்பதை எக்ஸ்ரேயில் பார்த்த பின்னரே எடுப்பது நல்லது. அது மேலும் உள்ளே இறங்கும் அபாயம் இருந்தால் மட்டும் பிடுங்கலாம். அப்போதும் குத்திய இடத்தைக் குறித்து வைத்து, ஆணியின் நீளத்தில் எவ்வளவு உள்ளே போயிருந்தது என்பதை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இரண்டாவது காரணம் சீழ்க்கட்டி. முந்தின நாள் வரை நன்றாக நடந்த குதிரை காலையில் காலையே ஊன்ற மறுக்கிறது. எலும்பு முறிந்துவிட்டதோ என்று அஞ்சும் அளவுக்கு வலி இருக்கும். ஊறி இளகிய வெள்ளைக் கோட்டின் வழியாக மணலும் கிருமியும் ஏறி, விரிய இடமில்லாத கிண்ணத்துக்குள் சீழ் சேர்வதே இதற்குக் காரணம். வடிகால் கிடைத்த சில மணி நேரங்களில் குதிரை காலை ஊன்றத் தொடங்குவதைக் காணலாம். வழி கிடைக்காவிட்டால் சீழ் மேலேறி மயிர்க்கோட்டில் உடைத்துக்கொள்ளும். மருத்துவர் துளைத்து வடித்த பின் வெதுவெதுப்பான நீரில் எப்சம் உப்பைக் கரைத்துக் காலை ஊறவைப்பதும், பற்று வைத்துக் கட்டுவதும் வழக்கம். இந்தக் கட்டைச் சேறு படாமல் காப்பதுதான் டெல்டாவில் பெரும் பாடு. குழந்தைகளுக்கான டயப்பரைக் குளம்பில் சுற்றி, அதன் மேல் அகலமான ஒட்டு நாடாவைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுவது உலகெங்கும் குதிரைக்காரர்கள் கையாளும் எளிய வழி. நாடா மயிர்க்கோட்டுக்கு மேலே ஏறிக் காலை இறுக்கிவிடக் கூடாது.

மூன்றாவது, நடுமெத்தை அழுகல். பள்ளங்களில் கறுப்பான கசிவும், ஒருமுறை முகர்ந்தவர் மறக்க முடியாத நாற்றமும் இதன் அடையாளங்கள். காற்றில்லாத இடத்தில் வாழும் கிருமிகளே காரணம் என்பதால் மருந்தைவிட முக்கியமானவை துப்புரவும் உலர்ந்த தரையும். மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசல் பயன்படும். ஆனால் உயிர்ச்சதை தெரியும் இடத்தில் அது சுட்டுப் புண்ணாக்கும். எஞ்சின் கழிவு எண்ணெயைப் பூசும் பழக்கம் கைவிடப்பட வேண்டியது. அது கிருமிகளுக்கு மேலும் ஒரு மூடியாகிறது.

நான்காவது காரணம் உயிர்க்கொல்லி. லாமினைடிஸ் என்று மருத்துவர்கள் அழைக்கும் இந்நோயில் முன்னர் கூறிய மடிப்புகளின் பிணைப்பு அழற்சியால் தளர்கிறது. கட்டவிழ்ந்த குதிரை இரவில் களத்து நெல்லையோ அரிசியையோ வயிறு முட்டத் தின்றுவிட்டால், செரிக்காத மாவுப்பொருள் பின்குடலில் புளித்து, அங்கிருந்து எழும் நஞ்சுகள் இரத்தத்தில் கலந்து சில மணி நேரங்களிலிருந்து இரண்டு நாட்களுக்குள் குளம்பைத் தாக்குகின்றன. கொழுத்த, வேலையில்லாத குதிரைகளுக்கு இன்சுலின் கோளாற்றாலும் இது வரும். இரு முன்னங்கால்களையும் முன்னே நீட்டி, பாரத்தைப் பின்னுக்குச் சாய்த்து நிற்கும் குதிரையைக் கண்டால் வேறு ஐயம் தேவையில்லை. பிணைப்பு முற்றிலும் தளர்ந்தால் குளம்பெலும்பு சுழன்றோ அமிழ்ந்தோ அடித்தட்டைத் துளைக்கும் நிலைகூட வரும்.

இந்நோயில் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. நெல்லைத் தின்றது தெரிந்தவுடன், நொண்டலுக்குக் காத்திராமல், கால்களை முழங்காலுக்குக் கீழ்வரை ஐஸ் கலந்த நீரில் இடைவிடாமல் இரண்டு மூன்று நாட்கள் வைத்திருப்பது பயன் தருவதாக நிறுவப்பட்டிருக்கிறது. நாகப்பட்டினம் கரையோரத்தில் மீன் பதப்படுத்தும் ஐஸ் எளிதில் கிடைக்கும் என்பதால் இது நடக்காத காரியமன்று. நடக்க வைத்தால் இரத்தம் ஓடும் என்று நினைத்துக் குதிரையை ஓட்டுவது மட்டும் கூடவே கூடாது. தளர்ந்த பிணைப்பை ஒவ்வோர் அடியும் அறுக்கிறது. படுக்கையாக ஆழமான மணல் சிறந்தது. இன்று ஆற்று மணல் கிடைப்பது குதிரை கிடைப்பதைவிட அரிது என்பது வேறு கதை. தானியம் ஒட்டாத வைக்கோலைக் கனமாகப் பரப்பலாம்.

சீவுதல்: எல்லாவற்றுக்கும் முன்னால்

லாடமோ காலணியோ, எதுவானாலும் சரியாகச் சீவப்பட்ட குளம்பின் மேல்தான் உட்கார முடியும். நான்கு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை சீவ வேண்டும் என்பது பொதுக்கணக்கு. பக்கவாட்டில் நின்று பார்த்தால் கணுவின் சாய்வும் குளம்பின் முன்சுவரின் சாய்வும் ஒரே கோட்டில் தொடர வேண்டும். முன்முனை நீண்டு குதிகால் தாழ்ந்திருந்தால், கால் தரையை விட்டு எழும்ப அதிக நேரம் எடுக்கும், பின்புறத் தசைநாண் ஒவ்வோர் அடியிலும் இழுபடும். லாடம் விழவில்லை என்பதற்காக மூன்று நான்கு மாதங்கள் அப்படியே விட்டுவைப்பதால் நேர்வது இதுதான். லாடம் தேயாமல் இருக்கலாம், குளம்பு வளராமல் இருப்பதில்லை.

டெல்டாவில் குதிரைகள் குறைந்துவிட்டதால் குதிரைக்கென்றே லாடம் அடிப்பவர்களும் குறைந்துவிட்டார்கள். மாட்டுக்கு அடித்துப் பழகிய கையே பல ஊர்களில் குதிரைக்கும் அடிக்கிறது. மாட்டுக்குப் பிளவுபட்ட குளம்பு, ஒவ்வொரு பிளவுக்கும் தனித்தனி மெல்லிய தகடு, ஆகக் காளை ஒன்றுக்கு எட்டு லாடங்கள். மாட்டைக் கயிறு போட்டுக் கீழே சாய்த்து அடிப்பார்கள். நிற்கவைத்து, பாரம் எப்படி விழுகிறது என்று பார்த்து, சீவிச் சீவிச் சரிசெய்ய வேண்டிய குதிரைக் குளம்புக்கு அந்தக் கைப்பழக்கம் போதாது.

இந்தக் குறை புதிதன்று. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மாபார் என்று அரபியர் அழைத்த கீழைக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, கடல்வழியே பெரும்பொருள் கொடுத்து வாங்கப்பட்ட குதிரைகளில் மிகப்பல ஓராண்டுக்குள் மடிந்ததையும், அவற்றைப் பேணத் தெரிந்த லாடக்காரர்கள் இங்கு இல்லாததையும் எழுதியிருக்கிறார். வெளியூர் வணிகர் சொன்னதை முழுதாக நம்ப வேண்டியதில்லை. தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் குதிரை இலக்கணமும் குதிரை மருத்துவமும் சொல்லும் சுவடிகள் இருக்கின்றன. ஆனால் ஏட்டில் இருந்த அறிவு கொட்டில் வரை வந்துசேர்ந்ததா என்பது வேறு கேள்வி.

லாடம் எதற்கு, எதற்கு இல்லை

குளம்பு வளரும் வேகத்தைவிடத் தேயும் வேகம் அதிகமானால் லாடம் தேவை. நாள்தோறும் தார்ச்சாலையில் வண்டி இழுக்கும் குதிரைக்கு இந்தக் கணக்கு லாடத்துக்குச் சாதகமாகவே முடியும். கோடியக்கரைக் காட்டில் திரியும் குதிரைகள் லாடமில்லாமல்தானே வாழ்கின்றன என்ற வாதத்தை அடிக்கடி கேட்கிறோம். அவை மணலிலும் உவர்நிலத்திலும் நாள் முழுதும் மெல்ல நடந்து தம் குளம்பைத் தாமே அளவாகத் தேய்த்துக்கொள்கின்றன. பாரம் இழுப்பதில்லை, தார் மிதிப்பதில்லை. அவற்றிலும் நொண்டிப்போகும் குதிரை நம் கண்ணில் படாமல் இருக்கலாம். அந்த எடுத்துக்காட்டு வண்டிக் குதிரைக்குப் பொருந்தாது.

நல்ல லாட வேலையை உரிமையாளரே மூன்று இடங்களில் சோதிக்கலாம்.

1. லாடம் குளம்பின் வடிவத்துக்கு வளைக்கப்பட்டிருக்க வேண்டும். சிறிய லாடத்தை வைத்துவிட்டு, வெளியே நீட்டியிருக்கும் சுவரை அரத்தால் ராவியிருந்தால் பாரம் தாங்கும் பகுதியையே வெட்டிவிட்டார்கள் என்று பொருள்.
2. ஆணிகள் பொதுவாக ஆறு முதல் எட்டு. அவை குளம்பின் மிக அகன்ற இடத்தைத் தாண்டிப் பின்னால் போயிருக்கக் கூடாது. வெளியே தலைகாட்டும் முனைகள் ஏறத்தாழ ஒரே வரிசையில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மிக உயரத்தில் வந்திருந்தால் அதைக் கவனிக்க வேண்டும்.
3. லாடத்தின் பின்முனைகள் குதிகாலை முழுதாகத் தாங்க வேண்டும்.

நொண்டும் குதிரைக்கென்றே லாட வகைகள் உள்ளன. பின்முனைகள் இரண்டும் இணைக்கப்பட்ட மூடிய லாடம் குதிகால் நோவுக்கும், நடுமெத்தையைத் தாங்கும் பட்டையுள்ள லாடம் லாமினைடிசுக்கும், குதிகாலை உயர்த்தும் ஆப்பு சில தசைநாண் வலிகளுக்கும் பயன்படுகின்றன. இவையனைத்தும் எக்ஸ்ரே பார்த்து மருத்துவரும் லாடக்காரரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டியவை. சீழ்க்கட்டி உள்ள குளம்பில் எந்த லாடத்தை அடித்தாலும் அது சீழின் வடிகாலை அடைப்பதாகவே முடியும். லாமினைடிஸ் தொடங்கிய குளம்பில் சுத்தியல் அடியே ஒரு சித்திரவதை.

குளம்புக் காலணி

ஆணியில்லாமல் குளம்பின் மேல் மாட்டிக் கழற்றக்கூடிய காலணி புதிய எண்ணமன்று. ஆணி லாடம் பரவுவதற்கு முன்பே உரோமானியர் இரும்பாலான பாதக்கூடுகளையும், சப்பானியர் வைக்கோல் செருப்புகளையும் குதிரைக்கு அணிவித்தார்கள். இன்று கிடைப்பவை ரப்பராலும் கெட்டி நெகிழியாலும் ஆனவை. தேவையைப் பொறுத்து மூன்று வகையாகப் பிரிக்கலாம்: உள்ளே மெத்தை வைத்து, கொட்டிலில் ஓய்வெடுக்கும் நோயாளிக் குதிரைக்கு அணிவிப்பவை, மருந்து நீரில் காலை ஊறவைப்பதற்கானவை, சவாரிக்கும் வண்டிக்கும் உரிய உழைப்புக் காலணிகள். முதல் வகையை மாட்டி வண்டி ஓட்டுவதும், மூன்றாம் வகையைக் கட்டின் மேல் திணிப்பதும் அடிக்கடி நடக்கும் தவறுகள்.

காலணியின் பெரும்பயன், வலி எங்கே என்று தேடும் நாட்களிலும் ஆறும் நாட்களிலும் ஆணி அடிக்காமல் பாதுகாப்புத் தருவது. லாடம் கழற்றப்பட்டு மென்மையாகிப்போன அடித்தட்டுக்கும், ஆணித்துளைகளால் சிதைந்து புது ஆணி பிடிக்க இடமில்லாத சுவருக்கும் இதைவிடப் பொருத்தமான வழி இல்லை. தேவைப்படும்போது கழற்றிக் குளம்பைப் பார்க்க முடிகிறது என்பது லாடம் தர முடியாத வசதி.

அளவெடுப்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். சீவி முடித்த சில நாட்களுக்குள், பாரம் ஊன்றிய நிலையில், மிக அகன்ற இடத்தின் அகலத்தையும், முன்முனையிலிருந்து குதிகால் சுவர் முடியும் இடம் வரையிலான நீளத்தையும் மில்லிமீட்டரில் எடுக்க வேண்டும். முன்குளம்பு வட்டமாகவும் பின்குளம்பு ஒடுங்கியும் இருப்பதால் முன்காலின் அளவைப் பின்காலுக்குப் பயன்படுத்த முடியாது. நாட்டு மட்டக்குதிரைகளின் ஒடுங்கிய குளம்புக்கு, மேலைநாட்டு இனங்களின் அகலத்தை வைத்துச் செய்யப்பட்ட காலணி நீளத்தில் பொருந்தி அகலத்தில் ஆடும். ஆடும் காலணி ஓட்டத்தில் திருகிக்கொண்டு குதிகாலின் மென்தோலை உரிக்கும்.

டெல்டாவில் இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. களிச்சேறு காலணியைக் கவ்விப் பிடித்து இழுத்துக் கழற்றிவிடும். கழலாவிட்டால் சேற்று நீர் உள்ளே தேங்கும். சேற்றிலிருந்து காக்க அணிவித்த காலணியே, இருட்டும் ஈரமும் காற்றின்மையும் சேர்ந்த ஒரு பானையாகி, நடுமெத்தை அழுகலை வளர்க்கும். எனவே இங்கே காலணியை அணிவிக்கும் ஒழுங்கு கண்டிப்பாக இருக்க வேண்டும்.

1. முதல் நாள் கால் மணி நேரம், பின்னர் நாளுக்கு நாள் சிறிது சிறிதாகக் கூட்டுதல். ஒவ்வொரு முறையும் குதிகாலிலும் கணுவிலும் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்த்தல்.
2. நீர் வடியும் துளையுள்ள காலணியையே தேர்ந்தெடுத்தல். நாளில் இருமுறையாவது கழற்றிக் குளம்பையும் காலணியையும் கழுவி உலர்த்துதல்.
3. அழுகல் இருக்கும் குளம்புக்கு, அது குணமாகும் வரை, கட்டைக் காப்பதற்காக அன்றி நீண்ட நேரம் காலணி அணிவிக்காமை.
4. காலணியோடு வயலோரச் சேற்றில் மேயவிடாமை. சாலைக்கும் கெட்டித் தரைக்கும் மட்டும் பயன்படுத்துதல்.

சாக்குத் துணியும் பழைய டியூபும் கொண்டு வீட்டிலேயே கட்டிவிடும் காலணிகள் ஓரிரு மணி நேரக் கட்டைக் காக்க உதவலாம். கணுவைச் சுற்றிக் கயிறு இறுகினால் தோல் அறுபடும், இரத்த ஓட்டம் தடைப்படும். ஈரத்தில் நனைந்த கயிறு காய்ந்து மேலும் இறுகும் என்பது கட்டியவருக்கு மறுநாள்தான் தெரியவரும்.

ஊசியும் சட்டமும்

வலிநிவாரணி நோயாளிக் குதிரைக்கு ஓய்வோடு சேர்த்துத் தரப்பட வேண்டிய மருந்து. வேலைக்குப் பூட்டுவதற்காகத் தரப்படும்போது, காயத்தைக் காக்கும் ஒரே அரணான வலியை அது அகற்றிவிடுகிறது. 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், நோயாலோ காயத்தாலோ வேலைக்குத் தகுதியற்ற விலங்கை வேலை வாங்குவதைக் குற்றமாகவே வரையறுக்கிறது. பார வண்டி விலங்குகளுக்கான 1965ஆம் ஆண்டின் விதிகள், வெப்பம் 37 பாகைக்கு மேல் போகும் இடங்களில் நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை அவற்றைப் பூட்டத் தடை விதிக்கின்றன. மருத்துவ உதவிக்குத் தஞ்சை மாவட்டத்தில் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நடக்க முடியாத குதிரைக்கு 1962 என்ற கால்நடை அவசர எண்ணை அழைக்கலாம்.

எப்போது மீண்டும் பூட்டலாம்?

சீழ்க்கட்டி வடிந்த குதிரை ஓரிரு வாரங்களில் நேராக நடக்கலாம். ஆணி குத்திய புண் ஆழத்தைப் பொறுத்தது. லாமினைடிஸ் கண்ட குதிரைக்கு மாதங்கள் தேவை, சில குதிரைகள் திரும்புவதே இல்லை. சுவரில் வெடிப்பு விழுந்திருந்தால் அது ஒட்டிக்கொள்வதில்லை. மயிர்க்கோட்டிலிருந்து புதிய சுவர் இறங்கி வந்து பழையதைக் கீழே தள்ளிச் சீவலில் போக்க வேண்டும். வெடிப்பின் மேல்முனைக்கும் மயிர்க்கோட்டுக்கும் இடையிலான தூரத்தை மாதந்தோறும் ஒரே நாளில் அளந்து கொட்டில் சுவரில் எழுதி வைப்பது பயனுள்ளது. அந்த இடைவெளி மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் கூடிக்கொண்டு வந்தால் சீவலும் பாதுகாப்பும் சரியாக இருக்கின்றன. இடைவெளி கூடாமல் நின்றாலோ குறைந்தாலோ, வெடிப்பு மேல்நோக்கி ஏறிக்கொண்டிருக்கிறது. அப்போது லாடத்தையோ காலணியையோ மாற்றுவதற்கு முன் குளம்பின் சமநிலையை மீண்டும் பார்க்க வேண்டும்.